மூன்று விரல் கட்டை

பல் டாக்டரம்மா வீட்டுத் திரைகள் தரையைத் தொடவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அன்று காலை எங்கள் கடைப் போனில் வந்த கூச்சலைக் கேட்டவர்கள், யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"வெள்ளம் வரப்போகுதுன்னு தூக்கிக் கட்டின மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு நாள் காக்க வெச்சீங்க?" என்று டாக்டரம்மா போனில் கேட்டார். கம்பி மாட்டப் போயிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே எங்களைக் கூப்பிட்டு, போனை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எப்போதும் அப்படித்தான். அடி விழுகிற இடத்தில் அவர் முதுகு இருக்காது.

அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு நாத்தனார். எங்கள் திரைச்சீலைக் கடைக்கு முதலாளி, துணி வெட்டுகிறவர், தைக்கிறவர் எல்லாம் அவர்தான். நான் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வருகிறவள். என் வீட்டுக்காரர் சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவார். அந்தச் சத்தத்திலேயே இருந்து இருந்து, நாங்கள் பேசுவது அவர் காதில் பாதிதான் விழும். குடும்பம் ஒற்றுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

"மூணு விரல் கட்டை," என்றார் அண்ணி. "நீ அளந்ததுதானே?"

"நான் அளந்ததுதான். சரியாத்தான் அளந்தேன். வெட்டினதுல போயிருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அண்ணியின் கத்தரிக்கோலைக் குறை சொன்னவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மத்தியானத்துக்குள் சமாதானமாகியிருப்போம். அவர் நிதானமாகக் கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தார்.

"சரி. கையில இருக்கற ஆர்டர் எதையும் இப்ப வெட்ட வேணாம். நீ அளந்த வீடெல்லாம் மறுபடி போய்ப் பாப்போம். நானும் வரேன். உன் அளவு தப்புன்னு தெரிஞ்சா, நாளையிலேர்ந்து நீ மெஷின்ல உக்காரு. அளவுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

மெஷினா? அதைவிட என்னைக் கடையை விட்டே அனுப்பியிருக்கலாம்.

அந்தத் தையல் அறையை நீங்கள் பார்த்திருந்தால் புரியும். ஊருக்கெல்லாம் ஜன்னல் திரை தைக்கிற எங்கள் அறைக்கு இருப்பது ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பகலிலும் டியூப்லைட் எரியும். மூக்கில் பஞ்சு, மடியில் நூல். நான் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே காலில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். தண்ணீர் குடிக்க எழுந்திருப்பேன், நூல் தேட எழுந்திருப்பேன், யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது என்று எழுந்திருப்பேன். யாருமே கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வெளியே போனால்தான் நான் ஆளாக இருப்பேன். இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் திரை வேண்டாத வீடும் இல்லை. துறைமுகத்து வரிசை வீடுகள், குன்றின் மேல் படிக்கட்டுத் தெருக்கள், கடலைத் தூர்த்துக் கட்டிய புது மாடிக் கட்டடங்கள் என்று எல்லா இடத்துக்கும் எனக்குப் போக ஒரு சாக்கு உண்டு. முன்பின் தெரியாதவர்களின் படுக்கை அறை வரைக்கும் நேராகப் போய், அவர்கள் தினமும் எதைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம். வேறு எந்தத் தொழிலில் இது முடியும்? இரண்டு வீட்டை அளந்துவிட்டு மூன்று தெரு சுற்றுவேன். தெரியாத சந்து கண்ணில் பட்டால் வண்டி தானாகத் திரும்பும். தாமதமாக வீட்டுக்கு வந்தால் சொல்வதற்கு ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தேன். துறைமுகத்து வாய்க்காலின் மேல் ஒரு தூக்குப்பாலம் இருக்கிறது. கப்பல் வந்தால் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மேலே தூக்கும்.

"பாலம் தூக்கிட்டாங்க, நின்னுட்டேன்," என்பேன்.

"கப்பல் பெருசா?" என்று அண்ணி மெஷினை விட்டுத் தலையைத் தூக்கிக் கேட்பார்.

"ரொம்பப் பெருசு," என்பேன். என்னைச் சோதிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சில நாள் கப்பலுக்கு நிறமும் சேர்த்துச் சொல்வேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தச் சுவரைப் பார்த்து உட்காருவதா? என் அளவு சரி என்று நிரூபித்தே தீர வேண்டும். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் என் இஞ்ச் டேப் எப்போதும்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. திரை காற்றில் பறக்காமல் இருக்க அடிமடிப்பில் ஈயக்குண்டு வைத்துத் தைப்போம் அல்லவா, அதில் பெரியதாக ஒன்றை எடுத்து டேப்பின் நுனியில் தைத்திருந்தேன். மேலே பிடித்துக்கொண்டு விட்டால் குண்டு நேராகத் தரைக்கு இறங்கிவிடும். கீழ் நுனியைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டியதில்லை. எனக்குத்தான் கூட வர ஆளே கிடையாதே.

அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் என் தோளையும் மறுகையால் தன் பையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் தோள் எலும்பு அவர் கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"மெதுவா போ."

"இன்னும் வண்டியே எடுக்கல அண்ணி."

கடைத்தெருவின் நெரிசலைத் தாண்டி வாய்க்கால் ஓரச் சாலைக்கு வந்தோம். இரும்பும் எண்ணெயும் உப்பும் கலந்த காற்று முகத்தில் அடித்தது. நான் வழக்கத்தைவிட வேகமாகப் போனேன். எவ்வளவு சீக்கிரம் எல்லா வீட்டையும் அளந்து காட்டுகிறேனோ அவ்வளவு சீக்கிரம் மூச்சு விடலாம். பாலத்தின் மேல் ஏறும்போது பின்னாலிருந்து தோளைத் தட்டினார்.

"நிறுத்து."

"இங்க நிறுத்தக்கூடாது அண்ணி."

"நிறுத்துன்னா நிறுத்து."

நிறுத்தினேன். அண்ணி இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு, கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்த பாலத்துக் காவல்காரரிடம் போனார். என் உயிர் பாதி போய்விட்டது.

"ஏங்க, இந்தப் பாலத்த ஒரு நாளைக்கு எத்தன தடவ தூக்குவீங்க?"

"தூக்கறதா?" காவல்காரர் சிரித்தார். "மோட்டார் போயே வருஷக்கணக்காச்சும்மா. பெரிய கப்பலெல்லாம் அந்தப் பக்கம் புதுத் துறைமுகத்துக்குப் போயிடுது. இங்க நான் சும்மா காத்து வாங்கிட்டு இருக்கேன்."

நான் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணி திரும்பி வந்து ஏறினார். "ஓஹோ," என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு ஓஹோவுக்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

முதல் வீடு துறைமுகத்து வரிசையில் கிரேன் ஓட்டுகிறவருடையது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவருக்கு இருட்டான திரை வேண்டும். அவர் மனைவி கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து எங்களை உள்ளே விட்டார். கட்டிலில் கிரேன்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு ஸ்டூலில் பூனை மாதிரி ஏறி, டேப்பைக் கம்பி மட்டத்தில் பிடித்துக் குண்டை இறக்கினேன். முன்பு எடுத்த அதே அளவு. நூலளவு மாறவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன் கிசுகிசுப்பாக. ஜெயித்த சந்தோஷத்தில் கிசுகிசுப்பே கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

கிரேன்காரர் புரண்டு படுத்தார். அவர் மனைவி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், சாயம் போகாத துணியாகப் பார்த்துத் தரும்படி கேட்டார். நான் திரும்பி வந்தபோது அண்ணி ஜன்னலருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன்கள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அண்ணி எதையோ சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அளவு சரிதானே அண்ணி?" என்றேன்.

"அடுத்த வீட்டையும் பாத்துடலாம்," என்றார்.

ஒரு வார்த்தை, சரிம்மா என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்? எனக்கு எரிந்தது. குன்றுக்குப் போகும் வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். முன்னால் போன பாவப்பட்ட சைக்கிள்காரர் இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள்.

குன்றடியில் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும். தெருவே படிக்கட்டுதான். இரண்டு பக்கமும் மஞ்சளும் நீலமுமாகச் சுவர்கள், மேலே குறுக்கும் நெடுக்குமாகத் துணிக்கொடிகள். நான் வழக்கமான வழியில் ஏற ஆரம்பித்தேன். அண்ணி அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, ஆள் ஒருக்களித்துத்தான் போகமுடியும் என்கிற சந்துக்குள் நுழைந்தார்.

"அண்ணி, அங்க வழி இல்ல!"

"வா."

மறுபக்கம் வெளியே வந்தால் நேராக நாங்கள் போகவேண்டிய இசை ஆசிரியர் வீட்டு வாசல். இத்தனை காலம் நான் சுற்றிச் சுற்றி ஏறிய படிகளையெல்லாம் நினைத்தால் அழுகை வந்தது. என் சந்துகள் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இறுமாந்திருந்தேன். கதவைத் திறந்த இசை ஆசிரியர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அடடே! நீங்களா! எவ்வளவு நாளாச்சு! இனிமே வரவே மாட்டீங்கன்னு நெனச்சேன்!"

"கட வேலை," என்றார் அண்ணி. முகம் சிவந்துவிட்டது. அண்ணிக்கு வெட்கம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இந்தம்மா இருக்காங்களே," என்று ஆசிரியர் என்னிடம் ஆரம்பித்தார், "ஜன்னல அளக்கறது கொஞ்ச நேரம். அப்புறம் மொட்டை மாடிக்குப் போயிடுவாங்க. அங்க நின்னு ஊரையே அளந்துட்டுத்தான் எறங்குவாங்க. நான் ரெண்டு பாட்டு சொல்லிக் குடுத்து முடிச்சிருப்பேன், இவங்க இன்னும் நின்னுட்டு இருப்பாங்க."

நான் அங்கும் குண்டை இறக்கி அளந்தேன். அதே அளவு. யாருக்கும் அக்கறை இல்லை. அண்ணி மாடிக்குப் போய்விட்டிருந்தார். தேடிக்கொண்டு போனால், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்கள் கடைத்தெரு எங்கேயோ ஒரு பொட்டாகக் கிடந்தது.

இறங்கும்போது கேட்டேன். "நீங்களா அளவெடுத்துட்டு இருந்தீங்க?"

"பின்ன? நீ வர்றதுக்கு முன்னாடி ஜன்னலெல்லாம் தானா வந்து கடையில அளவு குடுத்துட்டுப் போச்சுன்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் அண்ணி மெஷினில்தான் உட்கார்ந்திருந்தார். மெஷினோடு சேர்த்து வாங்கிய மாதிரி.

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"நீ தெச்ச மொதல் கர்ட்டன் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நேர்கோடாகப் போகவேண்டிய தையல், பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. அந்தத் துணியை அப்புறம் ஸ்கூட்டர் துடைக்கத்தான் பயன்படுத்தினோம்.

"உன்ன உள்ள உக்கார வெச்சா கட ஓடாது. அதனால உன்ன வெளிய அனுப்பிட்டு நான் உள்ள உக்காந்தேன். அவ்வளவுதான்," என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. ஆனாலும் மனம் உடனே தன் கவலைக்கே திரும்பிவிட்டது. அப்படியானால் என்னை மெஷினில் உட்கார வைத்துவிட்டு, வேறு ஆளைத் தேடப்போவதில்லை. இவரே கிளம்பத்தான் திட்டம் போடுகிறார். என் அளவு சரி என்று இரண்டு வீட்டில் காட்டியாயிற்று, இன்னும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கடற்கரைச் சாலையில் முடிதிருத்துகிறவர் கடை. மேற்கே பார்த்த கண்ணாடிச் சுவர். சாயங்காலமானால் நாற்காலியில் இருப்பவர் முகத்தில் வெயில் கொட்டும். "நான் கத்திய வெக்கற நேரம் பாத்துக் கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டறாங்க. காது போனா யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டார். அளந்தேன். அதே அளவு. அண்ணி அந்தச் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் இன்னொரு சுற்று.

"அண்ணி, போதும். வீட்டுக்குப் போலாம். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"மாடிக் கட்டடம் ஒண்ணு பாக்கி இருக்கில்ல? அதையும் பாத்துடலாம்."

எனக்குத் தலை காய்ந்துவிட்டது. தொண்டை வறண்டு, தோள் வலித்து, ஒரு இடத்திலும் நிலைகொள்ளாமல் இருந்தேன். சுற்றுவதற்காக உயிரை விடுகிற நான், அன்று முதல் தடவையாகச் சுற்றுவதை வெறுத்தேன். பார்த்த தெரு எதுவும் கண்ணில் தங்கவில்லை. பின்னால் அண்ணியோ, "அது என்ன கட்டடம்? இங்க முன்னாடி உப்புக் கிடங்கு இருந்துதே? அந்தப் பக்கம் திரும்பினா எங்க போகும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன்.

மாடிக் கட்டடத்தில் இருந்தவர் ஒரு பொறியாளர். லிஃப்டில் ஏறும்போதே காது அடைத்தது. வரவேற்பறையில் கடலைப் பார்த்து, தரையிலிருந்து உயர்ந்து நின்றது ஒரே ஒரு பெரிய ஜன்னல்.

"சரியான சதுரம்," என்றார் அவர், தன் குழந்தையைக் காட்டுகிற மாதிரி. "நானே நின்னு கட்டினது. நாலு பக்கமும் ஒரே அளவு."

ஜன்னல் பெரியது என்பதால் நான் உயரத்தை அளந்துகொண்டிருக்கும்போதே, பொறியாளர் உதவிக்கு வந்தார். அண்ணியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த டேப்பை உருவிக்கொண்டு அகலத்தை அளந்தார். அண்ணி, "இருங்க, அது வேணாம்..." என்று சொல்வதற்குள் அளந்து முடித்துவிட்டார். நான் என் அளவைச் சொன்னேன். அவர் தன் அளவைச் சொன்னார்.

"உங்களது கம்மியா இருக்கே," என்றார்.

"ஜன்னல் சதுரமில்ல போலிருக்கு," என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பிள்ளையைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்காது. என் டேப்பையும் பிடுங்கி, இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். ஆரம்பத்தில் கோடுகள் சேர்ந்தே போயின. போகப்போக என் டேப்பின் கோடுகள் தள்ளித் தள்ளி விழுந்தன. நுனியில் ஒரே எண், இரண்டு வெவ்வேறு இடத்தில் இருந்தது. நடுவில் நான் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல்.

என் டேப் நீண்டு போயிருந்தது. குண்டு இழுத்து, கொக்கியில் தொங்கி, வெயிலில் காய்ந்து, கடற்காற்றில் நனைந்து, ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஆடி ஆடி நீண்டிருந்தது. அதில் அளந்தால் எந்த ஜன்னலும் குட்டையாகத்தான் தெரியும். முன்பு யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்போதெல்லாம் திரை ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் தொங்கினால் போதும். தரை தொட வேண்டும் என்று இப்போதுதான் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அகலத்தில் வந்த குறையை மடிப்புகள் மறைத்துவிட்டன. என் கையிலும் தப்பில்லை, அண்ணியின் கத்தரியிலும் தப்பில்லை.

நிம்மதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணி, டேப்புதான்! பாருங்க!" என்று திரும்பினேன். அண்ணி ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆச்சரியப்படவில்லை.

கீழே இறங்கினோம். கடலோரத் தடுப்புச் சுவர் அருகே வண்டியை நிறுத்தினேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"ம்."

"எப்ப?"

"கிரேன்காரர் வீட்டுலயே. நீ சமையல்கட்டுக்குப் போனப்ப என் டேப்ப வெச்சுப் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல! எல்லாத்துக்கும் ஒரே கணக்குல கூட்டிக்கிட்டா முடிஞ்சுது. ஒரு வீட்டுக்கும் போயிருக்க வேண்டாம். நாள் முழுக்க என்ன வேக வெச்சீங்களே அண்ணி! மெஷின்ல உக்கார வெச்சிடுவீங்களோன்னு உயிரு போயி உயிரு வந்துது எனக்கு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அண்ணி சுவரின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"சொல்லியிருந்தா நீ என்னக் கொண்டுபோய் வீட்டுல எறக்கி விட்டிருப்ப," என்றார்.

அலை வந்து சுவரில் மோதிவிட்டுப் போனது.

"தப்பு என்னுதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு," என்றேன் கடைசியில். "அப்ப நான் மெஷின்ல உக்கார வேண்டாமில்ல?"

"உக்காரணும். பாதி நாள் நீ, பாதி நாள் நான்."

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்புக்காக இல்ல." அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது. "எனக்கும் வேணும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண் முன்னால் அந்த அறை வந்தது, பக்கத்து வீட்டுச் சுவர் வந்தது. அந்தச் சுவரை இத்தனை காலம் யார் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டேன். விட்டுக்கொடுத்த பெருமையெல்லாம் எனக்கு வரவில்லை. பாதி சொத்தை எழுதிக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன். பாலத்தைக் கடக்கும்போது அண்ணி என் தோளைப் பிடித்திருந்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

மறுநாள் காலை அண்ணி புது டேப்போடு பஸ் ஏறிப் போனார். நான் மெஷினில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா வீட்டுத் திரைகளுக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டி சேர்த்துத் தைக்க வேண்டும். அதுதான் இப்போது எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவிடம் சொல்லிச் சமாளித்திருந்தார். அந்த ஒரு பொய்க்காக அவரை நான் மன்னித்தேன்.

காலில் எறும்பு ஊர்ந்தது. தண்ணீர் குடித்தேன். நூல் தேடினேன். ஜன்னலைத் திறந்து சுவரைப் பார்த்தேன், மூடினேன். இந்நேரம் அண்ணி எங்கே இருப்பார் என்று யோசித்தேன். இரண்டே வீடுதான், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். மத்தியானம் போனது. வெயில் சாய்ந்தது. என் தையல் எந்தப் பக்கம் போகிறது என்பது அதற்கே தெரியவில்லை. பொறாமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் இல்லாமல் அந்தத் தெருக்கள் எல்லாம் அங்கேயே, அப்படியே இருக்கின்றன என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி அங்கே எதைப் பார்க்கிறார்? எந்தச் சந்தில் நுழைகிறார்?

விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணியின் புடவை ஓரமெல்லாம் மணல். அளவுகளைச் சொன்னார். என் தையலை விளக்கில் தூக்கிப் பார்த்தார். உட்கார்ந்து, ஊசி நுனியால் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன் அண்ணி இவ்வளவு நேரம்?"

அண்ணி தலையைத் தூக்கி என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"பாலம் தூக்கிட்டாங்க. நின்னுட்டேன்."

"அந்தப் பாலத்தோட எப்பவும் இதே தொல்லதான்," என்றார் என் வீட்டுக்காரர், தட்டிலிருந்து நிமிராமல்.

நான் எழுந்துபோய் அண்ணிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தேன். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"கப்பல் பெருசா?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பெருசு," என்றார் அண்ணி. தண்ணீரைக் குடித்துவிட்டு, மடியிலிருந்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு, அது என்ன நிறம் என்று சொல்ல ஆரம்பித்தார்.